'ஸ்கில்' என்னும் டச்சுச் சொல்

பழத்தின் தோலையும் உருளைக்கிழங்கின் தோலையும் டச்சு மக்கள் 'ஸ்கில்' என்பர். இடையில் உள்ள ககரம் தொண்டையில் உராய்ந்து பிறப்பது. தோலைச் சீவுதல் 'ஸ்கில்லன்' ஆகும். ஒருவரோடு தீர்க்க வேண்டிய வழக்கு உண்டெனின், அவரோடு சீவ ஓர் ஆப்பிள் இருக்கிறது என்பது அந்நாட்டு வழக்கு. வீடுதோறும் சமையல் தோல்களைத் திரட்டிக் கால்நடைத் தீவனமாக்கிய வண்டிக்காரர் 'ஸ்கில்லன்பூர்' எனப்பட்டார்.

இச்சொல்லின் வேர்ப்பொருள் மூடுதல் அன்று. பிளத்தல், பிரித்தல் என்பதே. பிரிந்து வருவதால் தோல் இப்பெயர் பெற்றது. வேறுபாட்டைக் குறிக்கும் 'வெர்ஸ்கில்', பிணக்கைக் குறிக்கும் 'கெஸ்கில்' என்பனவும் அவ்வேரினவே. பின்னர் இச்சொல் அணுவின் எலெக்ட்ரான் கூட்டிற்கும், கட்டடத்தின் புறச்சுவர் கூரைகளுக்கும், ஒரு நிறுவனத்தின் நிலையான பணியாளரைச் சூழ்ந்த தற்காலிகப் பணியாளருக்கும் பெயராயிற்று.

இனி, ஆங்கில 'ஷெல்' இதன் உறவுச்சொல். இஃது ஒலிச்சாயலால் மட்டும் கொண்ட முடிவன்று. கப்பல் டச்சில் 'ஸ்கிப்', ஆங்கிலத்தில் 'ஷிப்'. ஆடு 'ஸ்காப்', 'ஷீப்'. காலணி 'ஸ்கூன்', 'ஷூ'. இம்மாற்றம் ஒழுங்காக நிகழ்கிறது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் மொழிபெயர்க்கப்பட்ட கோதிய விவிலியத்தில் கூரை ஓட்டைக் குறிக்கும் 'ஸ்கல்யா' பழைய 'ஸ்க' ஒலியைக் காட்டுகிறது.

இவற்றை நோக்காது, 'ஷெல்' என்றவுடன் தமிழ்ச் 'சில்லு' நினைவிற்கு வர, இரண்டும் ஒன்றென எழுதிவிடுதல் எளிது. சில்லும் உடைந்து பிரிந்த துண்டே. பொருளும் பொருந்துவது போல் தோன்றும். ஆயினும் ஆங்கிலத்தின் 'ஷ' ஒலி பிற்காலத்தது. பழைய 'ஸ்க' வடிவத்தை அருகில் வைத்தால் அவ்வொப்புமை தளர்கிறது. தமிழ்ச் சொல்லையும் அதன் இனமொழிகளோடு ஒப்பிட்டுப் பழைய வடிவம் கண்ட பின்னரே முடிவு கூறல் தகும்.

பொருள் ஒப்புமையும் உறவுக்குச் சான்றாகாது. முட்டையின் மேலுறையும் கூரையின் மேலுறையும் தமிழில் 'ஓடு'. கோதியச் சொல்லோ கூரை ஓட்டைக் குறிக்க, அதன் இனமான ஆங்கிலச் சொல் முட்டை ஓட்டைக் குறிக்கிறது. ஒலியால் தொடர்பற்ற சொற்கள் பொருளால் ஒரே வழியில் சென்றுள்ளன. மக்கள் எங்கும் ஒத்த பொருள்களைக் கண்டு ஒத்தவாறே எண்ணுவர் என்பதே இதனால் பெறப்படுவது.

தமிழின் தொன்மைக்குப் பொய்ச்சான்று தேவையில்லை. ஒரு சொல் தவறென நிறுவப்படின், உடன் காட்டிய உண்மைச் சொற்களும் ஐயத்திற்கு உள்ளாகும். மாணவர்க்குச் சொற்பிறப்புக் கற்பிப்போர், ஒலியைச் செவியால் அளவாது மாற்ற ஒழுங்கால் அளக்கப் பழக்குதல் வேண்டும்.