சபையை விட்டவர்களின் சாட்சியம்

தஞ்சைச் சீமையில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் ஒரு விலகலோடுதான் காலூன்றியது. தஞ்சை மன்னரின் படையில் சேவகம் பார்த்த ராஜநாயக்கன் பறையர் குலத்தில் பிறந்தவர், பரம்பரைக் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனெரி சீகன்பால்கு அச்சிட்ட தமிழ்ச் சுவிசேஷம் அவர் கைக்கு வந்தது. வாசிக்க வாசிக்க, இதுவரை தனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதற்கும் இந்த எழுத்துக்கும் உள்ள இடைவெளி அவரை உறங்கவிடவில்லை. 1720களின் கடைசியில் லுத்தரன் மிஷனில் சேர்ந்து, தஞ்சைச் சுற்றுவட்டாரத்துக்கு உபதேசியார் ஆனார். கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவர் லுத்தரன்களை மறுத்து எழுதிய கண்டன நூல்களெல்லாம் இரு தரப்புக்கும் இடையிலான இந்தப் போட்டிச் சூழலில் பிறந்தவை.

போன இடத்திலும் அவருக்கு நீதி கிடைக்கவில்லை. 1733 டிசம்பரில் தரங்கம்பாடி மிஷன் தன் முதல் தமிழ்ப் போதகராக ஆரோன் என்ற வேளாளரை அபிஷேகம் செய்தது. அடுத்த போதகர் யார் என்ற பேச்சு எழுந்தபோது ராஜநாயக்கன் பெயர் முன்னே வந்தது. ஊழியத்தில் அவருக்கு ஈடு யாருமில்லை. ஆனால் ஒரு பறையர் கையிலிருந்து வேளாளக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்று மிஷனெரிமார் அஞ்சினார்கள். 1741இல் தியோகு என்பவர் போதகரானார். ராஜநாயக்கன் உபதேசியாராகவே உழைத்து மறைந்தார்.

தமிழ்க் கிறிஸ்தவத்தில் தலைமையை எதிர்த்தவர்கள், தலைமையிடமிருந்து விலகியவர்கள் விட்டுச்சென்ற எழுத்து ஏராளம். கடிதம், மனு, கண்டனம், கீர்த்தனை, தன்வரலாறு என்று பல வடிவங்களில் அது சிதறிக் கிடக்கிறது. சபை வரலாறுகள் இதைப் 'பிரிவினை' என்று ஓரிரு பக்கத்தில் கடந்துவிடுகின்றன. இந்த எழுத்தை ஒரு தனி வகையாக எடுத்துப் படிக்க வேண்டும் என்பது என் வாதம். ஒரு மத அமைப்பில் அதிகாரம் எப்படிப் புழங்கியது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் ஆவணம் நம்மிடம் வேறு இல்லை. அதே வேகத்தில், எழுதியவர் தன் வலியைச் சொல்லும்போது தனக்குக் கீழே நின்றவரின் வலியை எப்படி மறைக்கிறார் என்பதையும் படிக்க வேண்டும். தஞ்சையின் மிகப் பெரிய கிறிஸ்தவக் கவிஞரிடம் இந்த இரண்டும் ஒரே ஏட்டில் கிடைக்கின்றன.

வேதநாயகம் சாஸ்திரியார் 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்தார். (பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு.) மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் சிறுவனாக இருந்த இவரைத் தஞ்சைக்கு அழைத்துவந்து தன் பிள்ளையைப்போல் வளர்த்தார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் அதே சுவார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்தவர். பத்தொன்பது வயதில் சாஸ்திரியார் தஞ்சைப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆனார். பெத்லகேம் குறவஞ்சியும் ஞான ஏற்றப்பாட்டும் அவர் பாடியவை. குறவஞ்சியும் கும்மியும் ஏற்றப்பாட்டும் வயல்நாட்டு மக்கள் காதுக்குப் பழகிய வடிவங்கள். வேதத்தை அந்தச் சந்தத்தில் ஏற்றியதால்தான் அவர் பாட்டு தேவாலயத்துக்கு வெளியிலும் நடந்தது.

சுவார்ட்ஸ் 1798இல் மறைந்தார். அடுத்த முப்பது ஆண்டுகளில் வந்தவர்களைச் சாஸ்திரியார் 'புது மிஷனெரிமார்' என்று குறிப்பிடுகிறார். அவர்கள்மீது அவர் வைத்த குற்றச்சாட்டுகள் நான்கு. பப்ரிசியஸ் மொழிபெயர்த்த பழைய வேதாகமத்தைத் திருத்தினார்கள். சாதிகளை ஒன்றாக்கக் கட்டாயப்படுத்தினார்கள். பண்டிகையிலும் கலியாணத்திலும் சாவிலும் பூவை விலக்கினார்கள். ஆராதனையிலிருந்து தமிழ்க் கீர்த்தனைகளை ஒதுக்கினார்கள். டென்னிஸ் ஹட்சன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட, இந்தியச் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் தொடக்கம் பற்றிய நூலில் இந்த நான்கையும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இந்தத் துறைக்குள் நுழைபவர் முதலில் படிக்க வேண்டிய நூல் அது.

இந்த நான்கில் மூன்றை இன்று வாசிக்கும்போது என் மனம் முழுக்கச் சாஸ்திரியார் பக்கமே சாய்கிறது. ஒரு தலைமுறை மனப்பாடம் செய்து, துக்கத்திலும் பேறுகாலத்திலும் சொல்லித் தேறிய வசனங்களை, சபையாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றுவது பெரிய அதிகாரம். சவத்துக்குப் பூப்போடக் கூடாது என்று வெளியூர்க்காரர் ஒருவர் கட்டளையிடுவது அதைவிடப் பெரிது. பாட்டை எடுத்துவிட்டால் எழுத்தறியாத சபையாருக்கு என்ன மிஞ்சும் என்று அந்தக் கட்டளையிட்டவர்கள் யோசிக்கவில்லை. இதையெல்லாம் பணிந்து கேட்டுப் பயனில்லாமல் போன ஒருவரின் கோபம் அந்த எழுத்தில் கொதிக்கிறது. 1829இல் தஞ்சையிலிருந்த மிஷனெரி ஹௌப்ரோ ஐயர் அவரை மிஷன் வேலையிலிருந்து நீக்கினார். ஐம்பது வயதைத் தாண்டிய கவிஞரைச் சரபோஜி மன்னர் சம்பளம் கொடுத்து அரண்மனையில் வைத்துக்கொண்டார்.

மீதமுள்ள அந்த ஒன்றை என்ன செய்வது? அதே 1829இல் சாதியைக் குறித்து அவர் எழுதிய நூல்கள் வேளாளர் தனியே உட்காரவும் தனியே உண்ணவும் வாதாடுகின்றன. சாதி உலக வழக்கம், அதற்கும் இரட்சிப்புக்கும் சம்பந்தமில்லை, ஆகவே அதில் மிஷனெரி தலையிடலாகாது என்பது அந்த வாதத்தின் எலும்பு. சுவார்ட்ஸ் காலத்துத் தஞ்சைக் கோவிலில் வேளாளரும் பறையரும் தனித்தனிப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். திருவிருந்தில் வேளாளர் முதலில், பறையர் பிறகு. அந்த ஏற்பாடு குலைவதையும் பூ விலக்கப்படுவதையும் சாஸ்திரியார் ஒரே கொடுமையின் இரண்டு முகங்களாகக் காண்கிறார். இந்த இடத்தில் சிலர் அவரைப் பண்பாட்டுப் போராளி என்று கொண்டாடிவிட்டுச் சாதி நூல்களைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. வேறு சிலர் சாதிவெறியர் என்று ஒதுக்கி, தலைமையைப் பற்றி அவர் சொன்ன உண்மைகளையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு வாசிப்பும் எனக்கு உடன்பாடில்லை. மேலேயிருந்து வந்த அதிகாரத்தின் ஒவ்வொரு அசைவையும் கண்டுகொண்ட அதே கண், தான் கீழே செலுத்திய அதிகாரத்தை இயற்கை என்று எடுத்துக்கொண்டது. இதைத் தனி மனிதரின் குறையாக மட்டும் பார்த்தால் போதாது. இந்த வகை எழுத்து முழுவதிலும் இது திரும்பத் திரும்ப வருகிறது.

1833 ஜூலையில் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே அறவே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். அவர்களில் பலருக்கு 1840களில் ஜெர்மன் லுத்தரன் அமைப்பான லைப்சிக் மிஷன் இடம் கொடுத்தது. சாதியைப் பலவந்தமாக ஒழிக்க முடியாது, நாளாவட்டத்தில் தேயவிட வேண்டும் என்பது லைப்சிக் தலைமையின் கொள்கை. தமிழறிஞர் கார்ல் கிரவுல் அதற்கு ஆதரவாக நின்றார். அந்தக் கொள்கையே பொறுக்காமல் கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனெரி லைப்சிக்கை விட்டு விலகி, 1861இல் பண்ணுருட்டி பக்கத்து மேல்பட்டாம்பாக்கத்தில் டேனிஷ் மிஷனைத் தொடங்கினார். சாதி வேண்டும் என்று ஒரு கூட்டம் ஒரு வாசலால் வெளியேறியது. சாதி கூடாது என்று ஒருவர் மறு வாசலால் வெளியேறினார். விலகல் என்ற ஒரே செயலுக்குள் இத்தனை நேரெதிர்க் காரணங்கள் அடங்கும் என்பதால், 'விலகியவர்' என்ற அடையாளம் மட்டுமே யாருக்கும் நியாயம் வழங்கிவிடாது. சாஸ்திரியார் எதிர்த்த வேதாகமத் திருத்தத்தின் ஆசிரியர் இரேனியஸ்கூட, ஆங்கிலிக்கத் திருச்சபையைக் கண்டித்து எழுதியதற்காக 1835இல் தன் மிஷன் சங்கத்தால் நீக்கப்பட்டவர்தான்.

தெற்கே திருநெல்வேலியில் கதை வேறு விதமாக நடந்தது. சட்டாம்பிள்ளை என்று பேர்பெற்ற அருமைநாயகம் சாயர்புரத்தில் படித்து, மூக்குப்பீறியில் உபதேசியாராக இருந்தவர். நாசரேத் மிஷனெரியோடு மோதி வேலை இழந்தார். மிஷனெரி கால்டுவெல் 1849இல் எழுதிய திருநெல்வேலிச் சாணார் பற்றிய நூல் அவர் பிறந்த அந்தச் சமூகத்தை ஏற்கெனவே புண்படுத்தியிருந்தது. 1857இல் நாசரேத்துக்கு அருகே பிரகாசபுரத்தில் அருமைநாயகம் அமைத்த இந்து கிறிஸ்தவச் சபை வெள்ளைக்காரப் போதகர், வெளிநாட்டுப் பணம் இரண்டையும் ஒதுக்கியது. சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கி, பழைய ஏற்பாட்டு முறைகளை ஏற்றது. வேதாகமத்தைக் கொண்டே மிஷனெரியை மடக்கிய துணிச்சல் அதில் இருக்கிறது. சென்னையில் 1886இல் டாக்டர் புல்னி ஆண்டி தொடங்கிய தேசிய சபையும் இதே வழியில் வந்ததுதான். அது படித்தவர் வட்டத்தைத் தாண்டி வேர்விடவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் தலைமை வெள்ளைக்காரரிடமிருந்து கைமாறியது. விமர்சனத்தின் முகமும் மாறியது. கேரளத்தில் பிறந்து இலங்கைக்குப் போன ராமன்குட்டி, பாஸ்டர் பால் என்ற பெயரில் 1920களின் முற்பகுதியில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கினார். ஆல்வின் டி ஆல்விஸ் அவருக்குத் துணையாக நின்றார். இன்று தி பெந்தெகொஸ்தே மிஷன் என்ற பெயரில் தாம்பரம் இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் அமைப்பு அதுதான். அதன் முழுநேர ஊழியர்கள் மணம் செய்வதில்லை. சொத்தை விட்டுவிட்டு, சம்பளமின்றி, 'விசுவாச வீடு'களில் கூட்டாக வாழ்கிறார்கள். வெள்ளை உடுத்துகிறார்கள், மருந்து எடுப்பதில்லை. உள்ளே இருப்பவர்கள் இதைப் பிரதிஷ்டை என்றும், அப்போஸ்தலர் காலத்து வாழ்வு என்றும் சொல்கிறார்கள். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. வேற்று சாதியார் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பந்தியில் உண்ணும் வீடு, தஞ்சையின் பழைய சபைகள் நூறாண்டில் எட்டாத ஒன்று.

ஆனால் அதே ஏற்பாடு, விலக நினைப்பவருக்கு வழியே இல்லாமல் செய்துவிடுகிறது. இளவயதில் சொத்தும் படிப்பும் கலியாணமும் விட்டுச் சேர்ந்தவர் நாற்பதில் மனம் மாறினால் வெளியே அவருக்கு வீடில்லை, தொழிலில்லை, சேமிப்பில்லை. உறவினர் சபையிலேயே இருந்தால் பேச்சும் நின்றுபோகும். 'பின்மாற்றக்காரர்' என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். இந்த மாதிரி ஊழிய அமைப்புகளை விட்டு வந்தவர்கள் பேசுவதைக் கேட்டால், அவர்களுடைய முதல் புகார் உபதேசத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. யாரை எந்த ஊருக்கு மாற்றுவது என்று யார் தீர்மானிக்கிறார்கள், காணிக்கைக் கணக்கை யார் பார்க்கிறார்கள், காய்ச்சலில் கிடந்தவர் 'விசுவாசம் குறைந்தவர்' என்று எப்படி ஆக்கப்பட்டார், மூத்தவரைக் கேள்வி கேட்பது ஆவியானவரையே எதிர்ப்பதாக எப்போது மாறியது என்பவையே அவர்கள் கேட்பவை. சாஸ்திரியார் பூவையும் பாட்டையும் பற்றிக் கேட்ட கேள்விகளும் இப்படி அன்றாட வாழ்வைத் தொட்டவைதான்.

கும்பநாட்டு கே. இ. ஆபிரகாம் 1930இல் பாஸ்டர் பாலிடமே அபிஷேகம் பெற்றவர். சில ஆண்டுகளிலேயே உபதேச வேறுபாட்டால் விலகித் தன் இந்தியப் பெந்தெகொஸ்தே சபையைத் தனியே வளர்த்தார். அவருக்குப் பின்னால் ஒரு சபையே இருந்ததால் அவருடைய விலகல் வரலாறாயிற்று. தனியாளாக வெளியே வந்தவருக்கு அப்படி ஏதும் இல்லை. மைக்கேல் பெர்குண்டரின் தென்னிந்தியப் பெந்தெகொஸ்தே வரலாறும், சோமரத்னாவின் இலங்கை ஆய்வும் அமைப்புகளின் பிறப்பையும் பிளவையும் கவனமாகச் சொல்கின்றன. தனியாளின் குரலுக்கு அவற்றில் இடம் குறைவு. அந்தக் குரலுக்கு வெளிநாட்டில் ஒரு முன்மாதிரி உண்டு. லண்டனில் போதகர் எட்வர்ட் இர்விங்கின் வட்டத்தில் தீர்க்கதரிசனம் உரைத்த வழக்கறிஞர் ராபர்ட் பாக்ஸ்டர், தான் உரைத்தவை நிறைவேறாததைக் கண்டு விலகி, நடந்ததை நடந்தபடி 1833இல் நூலாக்கினார். தன் வாயிலிருந்து வந்ததையே சந்தேகித்து எழுதிய அந்த நேர்மைக்குத் தமிழில் ஈடான ஒரு நூல் வர வேண்டும் என்பது என் ஆசை.

தமிழில் இந்த வகையின் மிகப் பெரிய நூலாக நான் கருதுவது பாமாவின் 'கருக்கு'. அவர் துறவற சபையில் கன்னியாஸ்திரியாக ஏழாண்டு இருந்து, 1992இல் வெளியேறினார். நூலும் அதே ஆண்டில் வந்தது. தலித் தன்வரலாறு என்றே அதைப் பேசுகிறோம், சரிதான். ஆனால் ஒரு மத அமைப்பின் உள்ளே இருந்து வெளியே வந்தவரின் சாட்சியமாகவும் அதை வாசிக்க வேண்டும். ஏழைக்கு ஊழியம் செய்யச் சேர்ந்தவர் வசதிபடைத்தோர் பிள்ளைகளின் பள்ளியில் நிறுத்தப்படுவது, கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாடு கேள்வியை நெரிப்பது, எளிமை பேசும் மடத்துக்குள்ளே வாழ்வின் சொகுசு, அங்கேயும் சாதி என்று அமைப்பின் வேலைமுறை அதில் வெட்டவெளிச்சமாகிறது. சாஸ்திரியார் பார்க்காத இடத்திலிருந்து பாமா பார்க்கிறார். தலைமையின் அதிகாரத்தையும் சபையாரின் சாதியையும் அவர் ஒரே வாக்கியத்தில் பிடிக்கிறார். ராஜநாயக்கனுக்கு நேர்ந்ததை ராஜநாயக்கன் பக்கத்திலிருந்து சொல்லும் மொழி தமிழுக்குக் கிடைக்க இரண்டரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

காவிரி டெல்டாவில், பாடைகட்டி மாரியம்மனுக்குப் பேர்போன வலங்கைமானையும் அதைச் சுற்றிய குடமுருட்டிப் பாசன ஊர்களையும் எடுத்துக்கொண்டால் இந்தத் துறையில் பாக்கியிருக்கும் வேலை தெரியும். வலங்கைமான் 2008 தொகுதி மறுசீரமைப்பில் நீங்கும்வரை தலித்துகளுக்கான தனித்தொகுதி. நிலம் மிராசுதாரிடமும் உழைப்பு பண்ணையாளிடமும் இருந்த நாடு இது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை, மிராசுதாரை மீறி ஒரு பண்ணையாள் எந்தச் சபையில் சேர்வதும் எந்தச் சபையிலிருந்து விலகுவதும் வேலையையும் குடியிருப்பையும் பணயம் வைக்கும் காரியம். தஞ்சை வேளாளருக்கு மனு எழுதக் கை இருந்தது, போய்ச் சேர லைப்சிக் இருந்தது, ஆதரிக்க அரண்மனை இருந்தது. பண்ணையாளின் விலகல் கிறிஸ்தவர் குடியிருக்கும் வேதத்தெருக்களில் வாய்ப்பேச்சாகவே நின்றுவிட்டது. ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் தென்பாண்டிச் சீமையின் வடக்கன்குளத்துக்குச் செய்த வேலையை டெல்டாவுக்கு யாராவது செய்ய வேண்டும். சாஸ்திரியாரின் ஏடுகள் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் பத்திரமாக இருக்கின்றன. தரங்கம்பாடி மிஷனெரிமார் அனுப்பிய அறிக்கைகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் இருக்கின்றன. ராஜநாயக்கனைப் பற்றிய செய்திகள் அவற்றுக்குள்தான் கிடக்கின்றன. அவற்றை ஒரு மேசையில் வைத்து, கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையே இன்றும் உயிரோடிருக்கும் முதியவர்களிடம், எந்த ஆண்டு எந்தக் கோவிலை விட்டு எந்த ஜெபவீட்டுக்குப் போனீர்கள், அங்கே முதல் வரிசையில் யார் உட்கார்ந்தார், எதற்காகத் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும்.