துணைநூற்பட்டியலில் மறைமலையடிகள்: தானியங்கி மேற்கோள் உருவாக்கிகளும் தமிழ் ஆய்வேடுகளும்

தமிழ் ஆய்வேடுகளின் இறுதியில் இடம்பெறும் துணைநூற்பட்டியலை ஆக்குவதில் தானியங்கி மேற்கோள் உருவாக்கிகளின் பங்கு பெருகிவருகிறது. சோட்டெரோ, மென்டலே போன்ற மென்பொருள்களும், நூற்பெயரையோ இணைய முகவரியையோ இட்டவுடன் மேற்கோள் வடிவத்தைத் தந்துவிடும் இணையக் கருவிகளும் மாணவர்க்குக் கைவந்தவை ஆகிவிட்டன. இவற்றை விலக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. கையால் எழுதிய பட்டியல்கள் குற்றமற்றவை என்று கூற எவரும் துணியார். முந்தைய ஆய்வேட்டின் பட்டியலைப் பெயர்த்தெழுதி, கண்ணாற் காணாத நூலைக் கற்ற நூலாகக் காட்டும் வழக்கம் கணினிக்கு முற்பட்டது. இக்கருவிகள் நூல் என்பதைப் பற்றி என்ன கருதிக்கொண்டு இயங்குகின்றன, அக்கருத்து தமிழ் அச்சுநூலுக்குப் பொருந்துகிறதா என்பதே இங்கு வினா. அதனைக் காண ஒரே ஆசிரியரை எடுத்துக்கொள்வது போதும்: பல்லாவரத்தில் வாழ்ந்து நூல்களை எழுதியும் அச்சிட்டும் வெளியிட்ட மறைமலையடிகள் (1876-1950).

பெயர் என்னும் புலம்

மேலைநாட்டு நூல்விவர மரபு ஆசிரியர் பெயரை முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டாகப் பகுக்கிறது. தானியங்கிக் கருவி இடைவெளியைக் கண்டு, இறுதியில் நிற்கும் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்கிறது. ஆகவே ‘மறைமலையடிகள்’ என்று சேர்த்தெழுதிய தரவு ஊறின்றித் தப்புகிறது. ‘மறைமலை அடிகள்’ என்று பிரித்தெழுதிய தரவோ ‘அடிகள், ம.’ என்றாகிறது. ஒரே பட்டியலில் ஒரே ஆசிரியர் அகரத்தின் கீழ் ஒருமுறையும் மகரத்தின் கீழ் ஒருமுறையும் வந்து நிற்கிறார். ‘ஞா. தேவநேயப் பாவாணர்’ இவ்வாறே ‘பாவாணர், ஞா. தே.’ ஆகிறார். ‘திரு. வி. க.’ என்று தரவில் இருந்தாலோ கருவிக்குக் கிடைக்கும் குடும்பப் பெயர் ‘க.’ என்னும் ஓரெழுத்துத்தான்.

இது வடிவப்பிழை மட்டுமாயின் திருத்திவிட்டு அமையலாம். அடிகளார் திறத்தில் இது பொருட்பிழையும் ஆகும். வேதாசலம் என்னும் பெயரை 1916இல் மறைமலை என்று மாற்றிக்கொண்டது அவருடைய தனித்தமிழ்க் கொள்கையின் வெளிப்படையான செயல். அதற்கு முன் வெளிவந்த நூல்களின் தலைப்புப் பக்கத்தில் இருப்பது வேதாசலம் என்னும் பெயர். அவர் நடத்திய ‘ஞானசாகரம்’ இதழ் ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. பல்லாவரத்தில் நிறுவிய ‘சமரச சன்மார்க்க நிலையம்’ ‘பொதுநிலைக் கழகம்’ ஆயிற்று. எந்தப் பெயரை எந்த நூலில் காண்கிறோம் என்பதே இங்கு ஒரு வரலாற்றுச் சான்று. நூலகர் இருபெயரும் ஒருவரையே குறிக்கும் என்று இணைப்புக் குறிப்பு எழுதுவார். தானியங்கிக் கருவி தனக்குக் கிடைத்த தரவை மட்டுமே அறியும். ஒன்று வேதாசலத்தை வேறொரு ஆசிரியராக்கும், அல்லது தலைப்புப் பக்கத்தில் இல்லாத பெயரை 1903ஆம் ஆண்டு நூலுக்குச் சூட்டும்.

எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு

இதனினும் பெரிய இடர் ஆண்டில் இருக்கிறது. அடிகளாரின் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை முதலில் வெளிவந்தது 1903இல். அவருடைய நூல்களை இன்று பல பதிப்பகங்கள் மறுபதிப்பிடுகின்றன. மாணவர் கையிலுள்ள மறுபதிப்பு 2003இல் வந்தது எனக் கொள்வோம். கருவி ‘மறைமலையடிகள் (2003)’ என்று எழுதும். கட்டுரையின் நடுவே ‘மறைமலையடிகள் (2003) வாதிடுகிறார்’ என்று மாணவர் எழுதுவார். மறைந்து அரை நூற்றாண்டு கடந்தபின் ஒருவர் வாதிடுகிறார் என்பதில் உள்ள நகைச்சுவையை விட்டுவிடலாம். அடிகளார் தம் முன்னைய நூல்களை மீளப் பதிப்பித்தபோது அவற்றிலிருந்த வடசொற்களைக் களைந்து திருத்தினார் என்பதை மறக்கலாகாது. திருந்திய பதிப்பின் தொடரை எடுத்து, அது 1903ஆம் ஆண்டின் நடை என்று ஒரு மாணவர் எழுதினால், தனித்தமிழ் நடை இயக்கத்திற்கு முன்பே முற்றிலும் உருவாகியிருந்தது என்னும் பொய்யான முடிபு பிறக்கும். அவ்வாய்வேட்டின் மையக் கருத்தே ஒரு பதிப்பாண்டினால் சரிந்துவிடும். இங்கு முதற்பதிப்பாண்டும் பயன்படுத்திய பதிப்பின் ஆண்டும் ஆகிய இரண்டும் வேண்டும். சோட்டெரோவில் ‘கூடுதல்’ என்னும் பகுதியில் மூல வெளியீட்டு ஆண்டைத் தனியே இட இயலும். பெயரையும் பகுக்காமல் ஒரே புலமாக வைக்க இயலும். கருவியில் வசதி இருக்கிறது. அதை நாடும் பழக்கத்தை நாம் கற்பிக்கவில்லை.

தலைப்புப் பக்கத்து ஆண்டே சில நூல்களில் கிறித்தவ ஆண்டு அன்று. திருவள்ளுவர் ஆண்டு 31 கூடியது; எனவே ‘தி.ஆ. 2003’ என்பது 1972. நான்கு இலக்க எண்ணைக் கண்டவுடன் அதனைக் கிறித்தவ ஆண்டாகப் பதிவுசெய்த தரவு கருவிக்குள் சென்றால், வெளிவருவதும் அதுவே. அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர்கள் இன்னும் இடர் தருவன: ‘ஜய’ என்பது 1894-95 ஆகலாம், 1954-55உம் ஆகலாம்.

மறைந்துபோகும் ஊர்

ஏ.பி.ஏ. பாணியின் ஏழாம் பதிப்பு வெளியீட்டு இடத்தைக் கைவிட்டுவிட்டது, எம்.எல்.ஏ. பாணியும் 2016ஆம் ஆண்டின் எட்டாம் பதிப்பு முதல் பெரும்பாலான நூல்களுக்கு அதனை வேண்டுவதில்லை. பன்னாட்டுப் பதிப்பகங்களுக்கு இது பொருந்தும். தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் ஊர் என்பது வெறும் முகவரி அன்று. அடிகளார் 1911இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பணியை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறி, அங்கேயே அச்சுக்கூடமும் வைத்து நூல்களை வெளியிட்டார். (அக்கல்லூரி தாம்பரத்திற்குப் பெயர்ந்தது 1937இல், அடிகளார் கற்பித்தது சென்னை நகரில். இதனையும் மாணவர் குழப்பிக்கொள்வதுண்டு.) ‘பல்லாவரம்’ என்று பொறித்த நூல் ஆசிரியரின் நேர்ப்பார்வையில் அச்சேறியது என்பதற்கு அவ்வூர்ப்பெயரே சான்று. கருவியில் பாணியைத் தேர்ந்த அளவில் அச்சான்று அழிகிறது. பாணியைக் கட்டாயமாக்கும் இதழ்களும் துறைகளும் இதற்கு விடை கூறவேண்டும், மாணவர் அல்லர்.

யார் பொறுப்பு

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிமுறைகள் ஒப்புமைச் சோதனையிலிருந்து மேற்கோள் விவரங்களையும் துணைநூற்பட்டியலையும் விலக்குகின்றன. அது நியாயமே, எல்லாப் பட்டியலிலும் ஒரே நூல் வரத்தான் செய்யும். விளைவு என்னவெனில், ஆய்வேட்டின் ஏனைய பகுதிகள் மென்பொருளின் கண்ணுக்கு உட்பட, பட்டியல் ஒன்று மட்டும் எக்கண்ணுக்கும் உட்படாமல் தப்பிச் செல்கிறது. மாணவர் கருவியை நம்புகிறார். நெறியாளர் மாணவரை நம்புகிறார். தேர்வாளர் பத்து விழுக்காட்டிற்கு உட்பட்ட சான்றிதழை நம்புகிறார்.

உரையாடு செயலிகளை இக்கருவிகளோடு ஒன்றாக எண்ணுவதும் தவறு. மேற்கோள் உருவாக்கி, உள்ள நூலைப் பிழைபட எழுதும். உரையாடு செயலி இல்லாத நூலையே படைத்துத் தரக்கூடும். செயலி புனைந்த வழக்குகளை மெய்யென முன்வைத்ததற்காக நியூயார்க் வழக்கறிஞர்க்கு 2023இல் நீதிமன்றம் 5,000 டாலர் தண்டம் விதித்தது. நம் ஆய்வேடுகளைச் சோதிக்க எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இல்லை.

வரிசையடுக்கும் கவனிப்புக்கு உரியது. எழுத்தின் கணினிக் குறியெண்ணை மட்டும் பின்பற்றும் கருவி ‘மறைமலை’யை ‘மலையமான்’ என்பதற்கு முன் வைக்கும். நம் நெடுங்கணக்கில் லகரத்திற்குப் பின்னரே றகரம்.

செய்யத்தக்கது எளிது. பட்டியலில் ஏறும் ஒவ்வொரு நூலுக்கும் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் மாணவர் படமெடுத்து, கருவியின் பதிவோடு இணைத்து வைக்கலாம். சோட்டெரோ அதற்கு இடம் தருகிறது. பழம்பதிப்புகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உள்ளன. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் பட்டியலிலிருந்து ஐந்து பதிவுகளைத் தாமே தேர்ந்து அப்படங்களைக் கேட்கலாம். அதற்குப் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகாது.