தீப்பெட்டியும் கவிதையும்: பாரதியாரின் இரு விளம்பரங்கள்

விளம்பரம் என்றதும் நாம் சோப்பையும் பற்பசையையும் நினைக்கிறோம், கவிஞரை நினைப்பதில்லை. ஆயினும், 1882-இல் எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் தம் எழுத்துக்காகத் தாமே இருமுறை விளம்பரம் செய்ய நேர்ந்தது. அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்போமாயின், கேட்போரை இசையச் செய்யும் கலையின் வன்மையும் குறையும் நமக்குப் புலப்படும்.

புதுச்சேரியை விட்டு 1918-இல் வெளியேறிய பாரதியார், பின்னர் மனைவியின் ஊராகிய கடையத்தில் வறுமையோடு வாழ்ந்தார். 1919-இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதினார். புலவர் புரவலருக்கு ஓலை விடுப்பது பழைய மரபு. புரவலரைப் புகழ்தல், தம்மை உயர்த்திக் கூறல், பரிசில் வேண்டல் ஆகியவை அதன் உறுப்புகள். இவற்றோடு, தம் கவிதை எல்லா வகையிலும் புதியது என்னும் வாதத்தையும் பாரதியார் சேர்த்தார். இன்று சோப்பு உறைகளில் நாம் காணும் அதே சொல் அது. வேண்டிய ஆதரவோ கிட்டவில்லை.

அடுத்த ஆண்டு அவர் ஒரு புரவலரை விட்டுப் பலரை நாடினார். 1920-இல் கடையத்திலிருந்து நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்துகளை 40 நூல்களாக, நூலுக்கு 10,000 படிகள் வீதம், 4 லட்சம் படிகள் அச்சிடப் போவதாகவும், அதற்குக் கடன் உதவி வேண்டும் என்றும் எழுதினார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் விட விரைவாகத் தம் நூல்கள் விலைபோகும் என உறுதி கூறினார்.

இவ்வறிக்கையில் மூன்று உத்திகளைக் காண்கிறோம். முதலாவது, பேரெண். 4 லட்சம் என்னும் எண் நம்மை மலைக்கச் செய்கிறது. மலைத்தவர் கணக்குக் கேட்பதில்லை. அக்காலத்துச் சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே. இரண்டாவது, உவமை. தீக்குச்சி எரிந்து தீர்வதால் மறுபடி வாங்கப்படுகிறது. நூல் அவ்வாறு தீர்வதில்லை. உவமையின் அழகு இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. மூன்றாவது, தற்சான்று. தமக்கிருக்கும் புகழையே நூல்கள் விலைபோகும் என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறார். விற்பவரே சாட்சியாகவும் நிற்கிறார்.

இவ்வாறு ஆராய்வது நன்றிகேடு எனச் சிலர் வருந்தக்கூடும். அவ்வருத்தமே நாம் சுட்ட விரும்பும் நான்காவது உத்தி. பேசுவோர்மேல் நாம் கொண்ட அன்பு, அவர் பேச்சை ஆராயவிடாமல் நம்மைத் தடுக்கிறது. பிற்காலத்தில் அவர் நூல்கள் தமிழகமெங்கும் பரவின. 1949-இல் சென்னை அரசே அவற்றின் உரிமையைப் பெற்றது. ஆகவே அவர் கூறியது மெய்யாயிற்று என்பர். கவிதையின் மதிப்பு மெய்ப்பட்டது உண்மையே. ஆனால் 1921-இல் கவிஞர் மறைந்தார், திட்டம் நிறைவேறவில்லை. பிற்கால வெற்றி முற்கால வாதத்தின் ஓட்டையை அடைத்துவிடாது.

எனினும் ஒன்றை நாம் மதிக்க வேண்டும். பாரதியார் தம் பெயரையும் ஊரையும் மறைக்கவில்லை. பெறும் கடனுக்குப் புரோநோட்டு எழுதித் தருவதாகக் கூறினார். சொல் பொய்த்தால் வரும் சுமையைத் தம் தோளில் ஏற்க முன்வந்தார். இன்றைய விளம்பரத்தில் புகழ்பெற்ற நடிகர் ஊதியம் பெற்றுப் புன்னகைக்கிறார், இழப்போ வாங்கியவருக்கு. அதிக வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்களை நம்பி ஏமாந்தோர் பலராதலால், 1997-இல் தமிழக அரசு வைப்பாளர் நலன் காக்கத் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அவ்வாறு இழந்தோர் நம் சபைகளிலும் உள்ளனர். அவர்கள் பணம் கட்டுமுன் நாம் ஏதும் சொன்னோமா?

எனவே எவ்விளம்பரத்தையும் மூன்று கேள்விகளால் சோதிக்க நாமும் கற்று, சபையாருக்கும் கற்பிக்க வேண்டும். பேசுகிறவர் யார்? அவர் காட்டும் சான்று எது? சொல் பொய்த்தால் இழப்பவர் யார்?

இச்சோதனை கடைவீதியோடு நின்றுவிடலாகாது. மந்திரத்தால் நோய் தீரும் என விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்தது. நம் ஊர்ச் சுவர்களில் சுகமளிக்கும் கூட்டங்களுக்கென ஒட்டப்படும் தாள்களைப் பார்ப்போம். அங்கும் பேரெண் உண்டு, பெரிய நிழற்படம் உண்டு, தற்சான்று உண்டு. சுகமடையாமல் வீடு திரும்புகிறவரின் சுமையை யார் ஏற்கிறார்? அவருடைய விசுவாசம் குறைவு என்று கூறி, அச்சுமையையும் அவர்மீதே ஏற்றிவிடுகிறோம் அல்லவா?

வறுமையில் வாடிய கவிஞர் புரோநோட்டு எழுதித் தர முன்வந்தார். பிரசங்க பீடத்தில் நிற்கும் நாம் நம் சொல்லுக்கு எதை ஈடாக வைக்கிறோம்?