தோட்ட மருத்துவம் யார் பொறுப்பு?

இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த வெளிநாட்டு உதவியைக் குறை சொல்ல நினைப்பவர்கள் முதலில் 1974ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். உணவுத் தட்டுப்பாடு நாடு முழுவதையும் வாட்டிய காலம் அது. தோட்டங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேல் முதல் பிறந்தநாளைக் காணாமலே போயின. பிறகு தேசியமயமான தோட்டங்களை நடத்திய அரச நிறுவனங்களிடம் தொழிலாளர் குடியிருந்த லயங்களைத் திருத்தவே பணம் இல்லை. 1980களின் நடுவில் நெதர்லாந்தும் நோர்வேயும் சமூகநலத் திட்டத்துக்குப் பணம் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் குழாய்நீர், மலசலகூடம், ஒழுங்கான பிள்ளைக் காம்பரா, பயிற்சி பெற்ற மருத்துவிச்சி என்று ஒவ்வொன்றாக மலைக்கு ஏறி வந்தன. இன்று தோட்டப் பிரசவங்கள் ஏறக்குறைய எல்லாமே ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. லயத்துக் காம்பராவில் தாயும் பிள்ளையும் செத்துப்போன காலத்தைக் கண்ட கிழவிகளிடம் போய் வெளிநாட்டு உதவியால் என்ன பயன் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

என் குறை அந்தப் பணம் வந்த வழியைப் பற்றியது.

தோட்டத் தொழிலாளிக்கு மருந்து கொடுப்பது தோட்ட முதலாளியின் கடமை என்று வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்கள் வகுத்து வைத்தன. கிராமத்துச் சிங்களவருக்கும் யாழ்ப்பாணத்துத் தமிழருக்கும் அரசு இலவச மருத்துவம் கொடுத்த காலத்திலும், தோட்டத்து ஆள் துரையின் டிஸ்பென்சரியை நம்பித்தான் இருந்தார். குடியுரிமையே பறிக்கப்பட்டிருந்தவருக்காக அரசிடம் யார் வாதாடுவது? 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் போனபோது, அரசும் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த ஓர் அமைப்பு உருவானது. இன்று அதன் பெயர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். உதவி வழங்குவோருக்கு இது வசதியாகப் போயிற்று. ஒரே முகவரி, ஒரே கணக்கு, கேட்டபோது அறிக்கை. வேலையும் நடந்தது. ஆனால் சுகாதார அமைச்சு செய்ய வேண்டியதை வேறொருவர் செய்துகொண்டிருக்கும்வரை அமைச்சுக்கு என்ன அவசரம்? தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கி, சிலவற்றை எடுத்து மற்றவற்றை விட்டு, இழுபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. பல தோட்டங்களில் இன்னும் முதல் வைத்தியம் பார்ப்பவர் கம்பெனி சம்பளம் வாங்கும் வைத்திய உதவியாளர்தான். இந்தத் தாமதத்தில் நன்கொடைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கணிப்பு. நல்ல எண்ணத்தோடு கொடுத்த பணம், தோட்டத்தை நாட்டுக்குள் இன்னொரு நாடாக வைத்திருக்கவும் உதவியது.

இதற்கு நேர்மாறான உதாரணம், 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ். 2016இல் இந்தியாவின் நன்கொடையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. பிறகு மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தது. 2018இல் பாராளுமன்றம் அதற்கென்று தனிச் சட்டம் இயற்றியது. வண்டியும் தொடக்கச் செலவும் இந்தியாவுடையவை; சேவையைத் தொடர்ந்து நடத்தும் பொறுப்பு இலங்கை அரசுடையது. தோட்டத்துக்கென்று தனி இலக்கம் இல்லை. கொழும்புக்காரர் அழைக்கும் அதே இலக்கத்தைத்தான் மடுல்சீமைக்காரரும் அழைக்கிறார். முன்பெல்லாம் இரவில் வலி கண்டால் தோட்டத்து லொறிக்காகத் துரையின் பங்களா வாசலில் நிற்க வேண்டும். அந்தக் கெஞ்சல் இப்போது குறைந்திருக்கிறது. ஆனால் லயத்துக்குப் போகும் கல்ரோட்டில் எந்த வண்டியும் திணறத்தான் செய்யும். அந்த ரோட்டைப் போடுவது எந்தச் சுகாதாரத் திட்டத்திலும் வராது.

வெளிநாட்டுத் திட்டங்கள் எண்ணக்கூடியதையே எண்ணுகின்றன. கட்டிய நிலையங்கள், பயிற்சி பெற்றவர்கள், பரிசோதனைக்கு வந்தவர்கள் என்று கணக்கு நீளும். எண்ணிக்கை மோகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மலையகம் ஒருமுறை பார்த்திருக்கிறது. சனத்தொகைக் கட்டுப்பாட்டுக்கு உலகமெங்கும் பணம் பாய்ந்த 1980களில், கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இலங்கை அரசு ஊக்கப்பணம் கொடுத்தது. தோட்டத்துப் பெண்கள் எவ்வளவு விளங்கி, எவ்வளவு விரும்பி அதற்கு உடன்பட்டார்கள் என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை.

திட்டங்களின் எண்ணிக்கைக்குள் அடங்காத இன்னொன்று பசி. 2016இன் குடித்தொகை, சுகாதார ஆய்வுப்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடளாவிய ரீதியில் 17 வீதம். தோட்டங்களில் ஏறக்குறைய 32 வீதம். முப்பது ஆண்டு உதவிக்குப் பிறகும் நிலை இதுதான். நாளெல்லாம் மலையில் நின்று, கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாட்சம்பளம், வாங்கும் தாய்க்குச் சத்துணவு பற்றி எத்தனை வகுப்பு எடுத்தாலும் அவள் சமைப்பது கையில் இருக்கும் காசுக்குத்தான். 1,000 ரூபாய் நாட்சம்பளம் கிடைக்க 2021வரை போராட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே விலைவாசி அதைத் தின்றுவிட்டது. கிளினிக் நாளில் வேலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை. சம்பளப் பேச்சுவார்த்தையில் எந்த உதவி நிறுவனமும் உட்காராது. உட்காரவும் முடியாது என்பது சரிதான். அப்படியானால் போஷாக்கைத் தங்கள் சாதனைப் பட்டியலில் சேர்ப்பதையாவது அவர்கள் குறைத்துக்கொள்ளலாம்.

2018இல் இரண்டு பெரிய திட்டங்கள் வந்தன. ஆரம்ப சுகாதார சேவையைப் பலப்படுத்த உலக வங்கி 200 மில்லியன் டொலர் ஒதுக்கியது. ஊவா உட்பட நான்கு மாகாணங்களுக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 50 மில்லியன் டொலர் கொடுக்க முன்வந்தது, அதில் 37.5 மில்லியன் கடன், மிச்சம் நன்கொடை. நெதர்லாந்து, நோர்வே காலத்தைவிட இது ஒருவகையில் மேல், ஏனென்றால் பணம் அரச கட்டமைப்புக்குள்ளேயே போனது. 2022இல் டொலர் தீர்ந்து ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாமல் போனபோது, உலக வங்கி தன் திட்டப் பணத்தை மருந்துக்குத் திருப்பியதும் உயிர் காத்த காரியம்தான். ஆனால் அரச நிலையத்தைத் திருத்தும் பணம் கம்பெனியின் டிஸ்பென்சரிக்குள் தானாக நுழைந்துவிடாது. அந்த டிஸ்பென்சரியை அரசு எடுக்கும் தேதியும், அங்கே தமிழ் பேசும் மருத்துவிச்சிக்கு அரச சம்பளப் பட்டியலில் ஓர் இடமும் கடன் ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். மானியத்தை வெட்டு, வரியை உயர்த்து என்று நிபந்தனை போடத் தெரிந்தவர்களுக்கு இதை எழுதத் தெரியாமல் இல்லை. கடைக்குப் போய் மாவும் சவர்க்காரமும் வாங்கும்போதெல்லாம் தோட்டத் தொழிலாளி வரி கட்டுகிறார். அந்தக் கடன் அவர் பணத்திலிருந்தும்தான் அடைபடுகிறது.