சாவோ மக்கள்: கதையும் மண்ணும்

தம் வரலாற்றைத் தாமே எழுதி வையாத மக்களைப் பற்றிப் பிறர் எழுதிய நூல்களை எங்ஙனம் படிப்பது? இஃது இலக்கியத் திறனாய்வுக்கும் உரிய வினாவேயாகும். இதனை ஆராய்தற்கு ஆப்பிரிக்காவில் சாட் ஏரியின் தெற்கே வாழ்ந்த சாவோ மக்கள் தக்க சான்றாவர்.

சாரி, லோகோன் என்னும் ஆறுகள் பாயும் அந்நிலம் இன்று சாட், காமரூன், நைஜீரியா ஆகிய மூன்று நாடுகளில் பகுந்து கிடக்கிறது. அங்கு மேடுகளின் மீது மதில் சூழ்ந்த ஊர்களை அம்மக்கள் அமைத்தனர். சுடுமண்ணில் பாவைகள் வனைந்தனர். மெழுகு வார்ப்பு முறையில் வெண்கல அணிகள் செய்தனர். இறந்தோரைப் பெருந்தாழிகளில் இட்டுப் புதைத்தனர். எழுத்து மட்டும் அவர்கள்பால் இல்லை.

ஆகவே அவர்களைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றினைப் பகைவர் நூலிலேயே தேட வேண்டியுள்ளது. போர்னு நாட்டு மன்னன் இத்ரிசு அலூமாவின் தலைமை இமாம் அகமது இப்னு பூர்ட்டூ, 1576-லும் 1578-லும் அரபு மொழியில் இரு நூல்கள் இயற்றினார். மன்னனின் வெற்றிகளைப் போற்றுவதே அவர் நோக்கம். சாவோ மக்கள் அவருக்கு அடக்கப்பட வேண்டிய சமயப் புறம்பினர், அவ்வளவே. எனினும், துப்பாக்கி வீரரைக் கொண்ட ஒரு பேரரசு அவர்களை ஒடுக்கக் காவல் ஊர்கள் அமைத்தும், மரங்களை வெட்டியும், பயிர்களை அழித்தும் பன்முறை பொர வேண்டியிருந்தது என்பதை அந்நூலே தெரிவிக்கிறது. புகழ்பாட வந்தவர் தம்மையறியாமல் பகைவரின் உறுதிக்கும் சான்று பகர்ந்துவிட்டார். இவ்விடமே அந்நூலின் மதிப்பு மிக்க பகுதி என்பது நம் கருத்து.

இரண்டாவது சான்று வாய்மொழிக் கதை. சாவோ மக்களின் வழித்தோன்றல்கள் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் கொட்டோக்கோ மக்கள், தம் முன்னோர் பேருருவினர் என்பர். ஆற்றைக் கையால் மறித்து மீன் பிடித்தனர் என்பர். இக்கதைகளையும் அகழ்வில் கிட்டிய பொருள்களையும் இணைத்து மார்செல் கிரியோல் 1943-இல் பிரெஞ்சு மொழியில் ‘பழங்கதைச் சாவோ’ எனப் பொருள்படும் நூலை வெளியிட்டார். படிக்க இனிய நூல். ஆயினும் கதை எங்கே முடிகிறது, அகழ்வு எங்கே தொடங்குகிறது என்னும் வரம்பு அதில் தெளிவாயில்லை. கதையின் கவர்ச்சி ஆய்வின் நிதானத்தை வென்றுவிடுகிறது.

மண்ணோ வேறு செய்தி கூறுகிறது. கிடைத்த பாவைகளுட் பல உள்ளங்கையில் அடங்குவன. பெருந்தாழிகளைக் கண்ட பிற்காலத்தார், அவற்றுள் துயில்வோர் பேருருவினராகவே இருந்திருப்பர் என எண்ணியிருத்தல் கூடும். நைஜீரியப் பகுதியில் டைமா என்னும் மேட்டை 1960-களில் அகழ்ந்த கிரகாம் கானா, அங்கு மக்கள் ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் வாழ்ந்தமையைக் காட்டினார். பயிர் செய்து, மீன் பிடித்து, கால்நடை பேணி வாழ்ந்த எளிய மாந்தரின் தடமே அது. ‘சாவோ’ என்பது ஓரினத்தின் பெயரா, பலரைக் குறித்துப் பிறர் இட்ட பெயரா என்னும் ஐயமும் அறிஞரிடையே எழுந்தது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. தாழி என்றதும் ஆதிச்சநல்லூர் நம் நினைவிற்கு வரும். தாழி கண்ட இடமெல்லாம் உறவு கொண்டாடுதல் ஆராய்ச்சியாகாது. அவர்கள் பெருமை அவர்களுக்கே உரியது.

கொட்டோக்கோ மக்கள் பின்னர் இசுலாத்தைத் தழுவினர். எனினும் முன்னோரை மறுக்கவில்லை. அவர்கள் ஊராகிய கவூயி, சாட் நாட்டுத் தலைநகருக்கு அருகே உள்ளது. அவ்வூர்ப் பெண்டிரின் மட்கலத் தொழில் பெயர் பெற்றது. சமயம் மாறிய பின்னும் மண்ணோடு கொண்ட தொடர்பு அறவில்லை என்பதற்கு இதுவே போதும்.

பகைவர் அம்மக்களைச் சிறுமைப்படுத்தினர்; வழிவந்தோர் மிகைப்படுத்தினர். இரண்டாலும் மறைந்தது அவர்களின் மாந்தத் தன்மையே. பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நாம், நம் மக்களுக்கு முன்னோரைப் பற்றிச் சொல்லுங்கால் இரண்டாவது பிழையையே பெரிதும் செய்கிறோம். முன்னோர் பேருருவினராக இருந்திருக்க வேண்டியதில்லை; உழைத்து வாழ்ந்தவர் என்பதே போற்றுதற்குப் போதிய காரணமாகும்.