அவள் அப்படித்தான்: நடிப்பின் வழியே ஒரு மதிப்பீடு

அவள் அப்படித்தான் (1978) சி. ருத்ரய்யா இயக்கிய கறுப்பு வெள்ளைத் தமிழ்த் திரைப்படம். ஸ்ரீப்ரியா, கமல்ஹாசன், ரஜினிகாந்த் ஆகியோர் முதன்மைப் பாத்திரங்களில் நடித்தனர். இளையராஜா இசையமைத்தார். நல்லுசாமி, ஞானசேகரன் இருவரும் ஒளிப்பதிவு செய்தனர். வேலைக்குச் சென்று தனித்து வாழும் மஞ்சு என்ற பெண்ணையும், அவளைப் பற்றி ஆளுக்கொரு முடிவு வைத்திருக்கும் இரு ஆண்களையும் இப்படம் முன்வைக்கிறது. தமிழின் கலைப்பட முயற்சிகளில் முக்கியமான ஒன்றாகக் கருதப்படுகிறது. மஞ்சுவின் இயல்புக்குக் கதை ஒரு காரணம் சொல்கிறது. ஸ்ரீப்ரியாவின் நடிப்பு அந்தக் காரணத்தைவிடப் பெரிய ஒரு பெண்ணைக் காட்டுகிறது. படம் இன்றும் பார்க்கத்தக்கதாக இருப்பது இதனால்தான்.

பின்னணி

ருத்ரய்யா சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவர். இயற்பெயர் ஆறுமுகம். தமிழ்த் திரைப்பட வரலாற்றில் சேலம் என்றதும் நினைவுக்கு வருவது டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ். மந்திரி குமாரி (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) ஆகியவை அந்நிறுவனத்தின் தயாரிப்புகள். விறுவிறுப்பான கதை, பாட்டு, சண்டை என்று திட்டமிட்டுப் பெருந்திரளுக்காகப் படமெடுத்த நிறுவனம் அது. அதே மாவட்டத்திலிருந்து வந்த ருத்ரய்யா சென்னை திரைப்படக் கல்லூரியில் பயின்று வேறொரு வழியைத் தேர்ந்தார். கடல்புரத்தில் நாவலை எழுதிய வண்ணநிலவன், பின்னாளில் கே. ராஜேஷ்வர் என்ற பெயரில் இயக்குநரான சோமசுந்தரேஷ்வர் ஆகியோர் இப்படத்தின் எழுத்தில் பங்கேற்றனர்.

படம் 1978 அக்டோபர் 30 அன்று தீபாவளிக்கு வெளியானது. அதே தீபாவளிக்கு ரஜினிகாந்தும் ஸ்ரீப்ரியாவும் நடித்த தாய் மீது சத்தியம், கமல்ஹாசன் நடித்த சிகப்பு ரோஜாக்கள் ஆகியவையும் திரைக்கு வந்தன. ஆட்டுக்கார அலமேலு (1977) போன்ற படங்களின் வழியாக ஸ்ரீப்ரியாவை அறிந்திருந்த பார்வையாளர்கள், நட்சத்திரங்களை எதிர்பார்த்துத் திரையரங்குக்கு வந்தபோது முகம் கொடுக்க மறுக்கும் ஒரு பெண்ணைத் திரையில் கண்டனர்.

கதைச்சுருக்கம்

பெண்களின் நிலை குறித்து ஆவணப்படம் எடுக்க அருண் (கமல்ஹாசன்) சென்னைக்கு வருகிறான். அவனுடைய நண்பன் தியாகு (ரஜினிகாந்த்) விளம்பர நிறுவனம் நடத்துகிறான். அங்கே பணிபுரியும் மஞ்சு (ஸ்ரீப்ரியா) ஆவணப்பட வேலையில் அருணுக்கு உதவுகிறாள். தாயின் நடத்தை, கல்லூரிக்காலக் காதலின் முறிவு, நெருங்கிப் பழகிய பின் தங்கை என்று சொல்லி விலகிய மனோ (சிவச்சந்திரன்) என்று தன் கடந்தகாலத்தை அவனிடம் சொல்கிறாள். அருணுக்கு அவள்மேல் பற்று உருவாகிறது. ஆனால் மஞ்சு அவன் எதிர்பார்க்கும் வகையில் நடந்துகொள்வதில்லை. தியாகுவுடன் வலியச் சிரித்துப் பேசுகிறாள். அதை இசைவு என எண்ணி நெருங்கும் தியாகுவை அறைகிறாள். குழம்பிப்போகும் அருண் ஊருக்குச் சென்று, எளிய பெண்ணான சாரதாவை (சரிதா) மணந்து திரும்புகிறான். நால்வரும் காரில் செல்லும் காட்சியுடன் படம் முடிகிறது.

நடிப்பு

மஞ்சு

துன்புற்ற பெண்ணை நடிப்பதற்குத் தமிழ்ப்படங்களில் வகுத்துவைத்த முறை ஒன்று உண்டு. கண்ணீர், உயர்ந்த குரல், இறுதியில் மன்னிப்பு அல்லது மரணம். ஸ்ரீப்ரியா இம்முறையைக் கைவிடுகிறார். கடந்தகாலத்தைச் சொல்லும் இடங்களில் மஞ்சு இரக்கம் கோருவதில்லை. யாருக்கோ நிகழ்ந்ததைச் சொல்வதுபோலச் சொல்கிறாள். கேட்பவன் ஆறுதல் சொல்ல வாயெடுக்கும்போது எரிச்சலடைகிறாள்.

மஞ்சுவின் கோபம் எப்போதும் நியாயமானதாக இருப்பதில்லை என்பது இந்நடிப்பின் முக்கியமான கூறு. பரிவுடன் வருபவனையும் அவள் புண்படுத்துகிறாள். பார்வையாளர் தன்னை விரும்பவேண்டும் என்ற விழைவு முன்னணி நடிகைக்கு இயல்பாகவே இருக்கும். ஸ்ரீப்ரியா அந்த விழைவைத் துறந்திருக்கிறார். அதனாலேயே அவள் தளரும் சில கணங்கள் வலுப்பெறுகின்றன. அருணை நம்பலாமா என்று அவள் தயங்கும் இடங்களில் வசனம் சொல்லாததை முகம் சொல்லிவிடுகிறது.

இதற்கு ஓராண்டு முன் ஏ. பீம்சிங் இயக்கத்தில் வெளிவந்த சில நேரங்களில் சில மனிதர்கள் படத்தில் லட்சுமி நடித்த கங்காவும் தனித்து வாழும் உத்தியோகப் பெண்தான். லட்சுமிக்குத் தேசிய விருது பெற்றுத்தந்த நடிப்பு அது. கங்காவின் தனிமைக்குப் பின்னால் ஜெயகாந்தன் நாவலில் முழுமையாக உருவாக்கிய ஒரு வாழ்க்கை இருந்தது. மஞ்சுவுக்கு அத்தகைய நாவல் துணையில்லை. சில நினைவுக்காட்சிகளும் உரையாடல்களும் மட்டுமே இருந்தன. எஞ்சியதை நடிகையே நிரப்பவேண்டியிருந்தது.

அருண்

கமல்ஹாசன் ஏற்றது பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருக்கும் பாத்திரம். அருண் படித்தவன், மென்மையானவன், பெண்விடுதலையில் நம்பிக்கை உள்ளவன். அவனை நல்லவனாக மட்டும் நடித்திருந்தால் படம் எளிய பாடமாகச் சுருங்கியிருக்கும். அவனுடைய கனிவுக்குள் ஓர் ஆராய்ச்சியாளனின் ஆவல் இருப்பதைக் கமல்ஹாசன் உணர்த்துகிறார். மற்ற பெண்களிடம் ஒலிவாங்கியை நீட்டிக் கேள்வி கேட்பவன், மஞ்சுவையும் ஒரு கேள்வியாகவே அணுகுகிறான். விடை தன் கணிப்புக்கு ஒத்துவராதபோது அவன் முகத்தில் தெரிவது துயரத்தைவிட ஏமாற்றமே. விடுதலை பற்றிப் பேசியவன் விடுதலை பற்றி எண்ணியே பார்க்காத ஒருத்தியை மணந்து வருவது நம்பும்படி இருப்பதற்கு, முன்பே அவர் காட்டிய இந்த நுட்பமான விலகலே காரணம்.

தியாகு

நெற்றியில் திருநீறும் கையில் மதுவுமாக வரும் தியாகு, பெண்களைப் பற்றிய தன் இழிவான கருத்துகளை ஒளிப்பதில்லை. ரஜினிகாந்த் தன் விரைவான பேச்சையும் உடல்மொழியையும் இங்கே நாயகத்தன்மைக்கு எதிராகப் பயன்படுத்துகிறார். திரையரங்கு தியாகுவின் பேச்சுக்குச் சிரிக்கும். அந்தச் சிரிப்பே பின்னர் சங்கடமாக மாறும். மஞ்சுவிடம் அறை வாங்கியபின்னும் அவன் திருந்துவதில்லை. அவனிடம் வேடமில்லை என்பதே அருணைவிட அவனைப் புரிந்துகொள்ள எளியவனாக்குகிறது. ஆனால் அது அவனை நல்லவனாக்குவதில்லை என்பதையும் ரஜினிகாந்தின் நடிப்பு மறக்கவிடுவதில்லை.

காட்சிமொழி

பெரும்பாலான காட்சிகள் அலுவலகம், வீடு, கார் ஆகிய அடைபட்ட இடங்களில் நிகழ்கின்றன. குறைந்த ஒளியும் ஆழ்ந்த நிழலும் முகங்களை மட்டும் எஞ்சவிடுகின்றன. நடிகரின் சிறு அசைவும் கவனம் பெறுவது இதனால்தான். அருண் பெண்களைப் பேட்டியெடுக்கும் பகுதிகள் ஆவணப்படத்தின் இயல்பிலேயே அமைந்துள்ளன. அவற்றில் வரும் முகங்களுக்கு நடுவே மஞ்சுவும் அந்நகரத்தின் ஒரு பெண்ணாகத் தோன்றுகிறாள். மூன்றே பாடல்கள் உள்ள இப்படத்தில் இளையராஜா மௌனத்துக்கும் இடம் விட்டிருக்கிறார்.

குறைகள்

மஞ்சுவின் ஒவ்வொரு செயலுக்கும் கடந்தகாலத்தில் காரணம் தேடுவது திரைக்கதையின் பலவீனம். காயம் பட்டதால்தான் ஒரு பெண் அடங்க மறுக்கிறாள் என்ற விளக்கம், காயம் படாதவள் அடங்கியிருப்பாள் என்ற பொருளையும் தந்துவிடுகிறது. தாயின் உறவுகளை மகளின் துயரத்திற்கு வேராகக் காட்டும்போது, படம் தான் எதிர்க்கும் ஒழுக்கப் பார்வைக்கே அருகில் செல்கிறது. சில உரையாடல்கள் கட்டுரை வாசிப்பதுபோல் உள்ளன.

முடிவும் விவாதத்திற்குரியது. பெண்விடுதலை பற்றி என்ன நினைக்கிறாய் என்று மஞ்சு சாரதாவிடம் கேட்கிறாள். தனக்கு அதெல்லாம் தெரியாது என்கிறாள் சாரதா. அதனால்தான் நீ மகிழ்ச்சியாக இருக்கிறாய் என்ற பொருளில் மஞ்சு பதில் சொல்கிறாள். பின்னர் காரிலிருந்து இறங்கிச் சாலையில் நிற்கிறாள். கார் விலகிச் செல்கிறது. பின்னணியில் ஒரு குரல் அவளுடைய இறப்பையும் மறுபிறப்பையும் பற்றிப் பேசுகிறது. படம் முழுக்க ஆண்கள் வரையறுத்த பெண்ணை இறுதியிலும் இன்னொரு குரல் வரையறுக்கிறது. சாலையில் நிற்கும் ஸ்ரீப்ரியாவின் உருவத்திற்கு அந்தக் குரல் தேவைப்படவில்லை.

மதிப்பீடு

தமிழக அரசின் இரண்டாவது சிறந்த படத்துக்கான விருதையும் ஒளிப்பதிவுக்கான விருதையும் இப்படம் பெற்றது. ஸ்ரீப்ரியாவுக்குச் சிறப்பு விருது வழங்கப்பட்டது. ருத்ரய்யா இதன்பின் கிராமத்து அத்தியாயம் (1980) என்னும் ஒரு படத்தை மட்டுமே இயக்கினார். 2014-ல் மறைந்தார்.

கலைப்படம் என்பது மெதுவாக நகரும் படம் என்றும், அதில் நடிப்பது எளிது என்றும் ஓர் எண்ணம் பரவலாக உள்ளது. பத்தாண்டுகளுக்குப் பின் பாலுமகேந்திராவின் வீடு படத்தில் அர்ச்சனாவும் சொக்கலிங்க பாகவதரும் காட்டிய அடக்கமும் இந்த எண்ணத்தை மறுப்பதே. நிகழ்ச்சிகள் குறைந்த கதையில் பார்வையாளரைப் பிடித்து நிறுத்துவது நடிகரின் முகம் மட்டுமே. அவள் அப்படித்தான் படத்தின் தலைப்பு ஒரு பெண்ணைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க விரும்பாதவர்கள் சொல்லும் சொல். ஸ்ரீப்ரியாவின் மஞ்சுவைப் பார்த்தபின் அச்சொல்லை அதே எளிமையுடன் சொல்ல முடிவதில்லை.