ஒரு சுற்றுக்கு மூன்று தையல்

எர்ரகட்டா ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய சிங்கர் 99கே கை மெஷின் இரண்டு மாதமாக எங்கள் கூடத்தில் இருக்கிறது. எட்டு வயது மகளுக்காக வாங்கியது. 66-ஆம் மாடலின் முக்கால் அளவில் 1911-இல் வந்த வரிசை இது. இதைச் செய்த ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையையே 1980-இல் மூடிவிட்டார்கள். ஆனாலும் இன்று கடையில் கிடைக்கும் சாதாரண ஊசி இதற்குப் பொருந்துகிறது.

என்னைக் கட்டிப்போட்டது அந்தக் கைப்பிடிதான். ஒரு சுற்று சுற்றினால் மூன்று தையல் விழும். கை நின்றால் ஊசியும் நிற்கும். முன்பு வாங்கித் தந்த பேட்டரி மெஷினில் பட்டனைத் தொட்டதும் துணி பிய்த்துக்கொண்டு ஓடும், அடியில் நூல் சிக்கும், குழந்தை அழும். இரண்டே நாளில் அது அலமாரிக்குப் போனது.

இதில் முதல் வாரம் நூலே கோக்கவில்லை. கோடு போட்ட நோட்டுத் தாளில் பழைய ஊசியால் வெறுமனே ஓட்டினோம். கோட்டின் மேல் துளை விழுந்ததா என்று தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அவளே பார்த்துக்கொள்வாள். பிறகு மூலை. ஊசியைத் துணிக்குள் இறக்கி, ஃபுட்டைத் தூக்கி, துணியைத் திருப்ப வேண்டும். கடைசி ஒரு தையலுக்குக் கைப்பிடியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்துவாள். மூலை கச்சிதமாக வந்த அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

எல்லாக் கை மெஷின்களுக்கும் உள்ள குறை இதற்கும் உண்டு. வலது கை சுற்றப் போய்விடுவதால் துணியை இடது கை மட்டுமே நடத்த வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளுக்கு நீளமான ஓரம் அடிப்பது பெரும்பாடு; தையல் பாம்பு மாதிரி நெளியும். எதிர்வீட்டுப் பையனுக்கு இடக்கைப் பழக்கம். அவன் முதல் நாளே நேராக அடித்துவிட்டான். இப்போது இருவருமாகத் தைக்கிறார்கள். ஒருத்தர் சுற்ற, ஒருத்தர் துணி பிடிக்க. துணி பிடிப்பவர் சொன்னால்தான் சுற்றலாம் என்பது வீட்டுச் சட்டம். ஜெனரல் பஜாரில் எடுத்த ரவிக்கைத் துணியின் மிச்சத்தில் மூன்று சுருக்குப் பைகள் ஆயின.

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டியின் கை மெஷின் கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். தூசி தட்டி, மெஷின் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, கைப்பிடியை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இளகிவிட்டால் பிள்ளைகளிடம் கொடுங்கள். மோட்டார் வைத்ததை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.